வீட்டு இணையத் திசைவி: தருமபுரியில் செப்புக் கம்பி முதல் கண்ணாடி இழை வரை

திசைவி என்பது ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் பொட்டலங்களை வழிப்படுத்தி அனுப்பும் கருவி. கடையில் ரூட்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தருமபுரி மாவட்டத்து வீடுகள் பலவற்றில் இன்றும் அதன் பெயர் 'மோடம்'தான். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அகலப்பட்டை இணையம் முதலில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. அப்போது தரப்பட்ட பெட்டிக்குள் மோடம், திசைவி இரண்டும் சேர்ந்தே இருந்தன.

எந்த ரூட்டர் நல்லது என்று கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் விலையையும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பெட்டிகள் எதனால் பழுதாயின என்று பார்த்தால் தேர்வு எளிதாகும் என்பது என் கருத்து.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அது தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையும் முறை. இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசியில் வேறு அழைப்பு வராது. 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. பேச்சும் தகவலும் ஒரே செப்புக் கம்பியில் வெவ்வேறு அலைவரிசைகளில் சென்றன. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி நீள நீள சமிக்ஞை தேயும். ஏறக்குறைய 5 கிலோமீட்டரைத் தாண்டினால் இணைப்பு நிலைக்காது. நகரத்துக்கு இது பெரிய தடையில்லை. பென்னாகரம், அரூர் பக்கத்து மலையடிவாரச் சிற்றூர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த மோடம் வாங்கினாலும் பயனிருந்திருக்காது.

செப்புக் கம்பிக்கு இன்னொரு பகை இடி. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் எங்கோ விழும் மின்னலின் தாக்கம் கம்பி வழியே வந்து பெட்டியைக் கருக்கிவிடும். மின்சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, தொலைபேசிக் கம்பியைப் பிடுங்காமல் விட்ட வீடுகளில்தான் இது அதிகம் நடந்தது.

கம்பியில்லா இணைப்பு வீடுகளில் பரவச் சட்டமும் வழிவிட்டது. 2005 ஜனவரி 28 அறிவிக்கையின்படி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்றானது. பூட்டும் கூடவே வர வேண்டுமல்லவா? வெப் என்ற முதல் பாதுகாப்பு முறை உடைக்கக்கூடியது என்பது 2001-லேயே நிறுவப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறை 2004-லும், டபிள்யூ.பி.ஏ.3 2018-லும் அறிமுகமாயின.

ஆனால் பெரிய அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் நாட்டின் பல பகுதிகளில் திடீரென்று செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை சுமார் 60,000 என்று செய்திகள் கூறின. 'பிரிக்கர்பாட்' என்னும் தீநிரல் அவற்றுக்குள் புகுந்திருந்தது. புகுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. வாடிக்கையாளரும் மாற்றவில்லை, கருவியும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் பிறகு அறிவுறுத்தியது. பழியை வாடிக்கையாளர் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி வைத்து விற்றது யார்? இன்று வாங்கும் கருவியில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் அடியில் ஒட்டப்பட்டிருக்கிறதா, அல்லது முதல் முறை திறக்கும்போதே புதிதாக வைக்கச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மென்பொருள். 2002 இறுதியில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற திசைவி லினக்ஸ் அடிப்படையில் இயங்கியது. உரிம விதிப்படி அதன் மூலநிரல் வெளியிடப்பட்டதால், தன்னார்வலர்கள் அதைத் திருத்தி மேம்படுத்தினர், ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் 2004-இல் பிறந்தது. நிறுவனம் கைவிட்ட பழைய கருவிகள் பல அதன் உதவியால் உயிரோடு இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் இதைக் கேட்பவர் அரிது. ஆனால் இந்த மாதிரிக்குக் கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிப்பு வந்தது என்று நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். மூன்று நான்கு ஆண்டுகளாக ஒன்றும் வரவில்லையென்றால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இப்போது கண்ணாடி இழைக் காலம். 2020 ஊரடங்கில் பாடங்கள் கைப்பேசிக்கு மாறியபோது வீட்டு இணைப்பின் தேவை எல்லோருக்கும் புரிந்தது. இழையில் மின்சாரம் பாயாது. ஆகவே இடிப் பயம் பெரிதும் குறைந்தது. இழையைத் தாங்க உடன்வரும் இரும்புக் கம்பியும் மின் அடாப்டரும் மட்டும் இன்னும் கவனத்துக்குரியவை. இழை முனையில் பொருத்தும் பெட்டி சேவை நிறுவனத்தின் பதிவில் இருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே கடைக்குப் போகுமுன், அந்தப் பெட்டியோடு நம் சொந்தத் திசைவியை இணைக்க அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கம்பித் துளைகளின் வேகத்தையும் பார்க்கவும். 100 மெகாபிட் துளை கொண்ட திசைவிக்கு 300 மெகாபிட் திட்டம் வாங்கினால் மீதி 200 வீண். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கருங்கல் சுவரையும் ஓரளவு கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் அடுத்த அறையிலேயே தளர்ந்துவிடும். இரண்டும் உள்ள கருவியை வீட்டின் நடுவில் உயரமாக வைத்தால் போதும். ஆறு ஆன்டெனா தேவையில்லை. பல திசைவிகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவதால், மின்தடைக்குப் பெரிய இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிலும் சிறு யு.பி.எஸ். கைகொடுக்கும்.

கிராமங்களுக்கு இழை கொண்டுசெல்லும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி, 2018-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் உள்ளது. தருமபுரி மாவட்டத்து ஊராட்சிகளும் இதில் அடங்கும். ஊராட்சி அலுவலகம் வரை வரும் அந்த இழையிலிருந்து வீடுகளுக்கு இணைப்புத் தருவது உள்ளூர்ச் சேவையாளர்களைப் பொறுத்தது. வீட்டில் வைக்கும் பெட்டியையும் பல இடங்களில் அவர்களே கொண்டுவருகிறார்கள்.