முஹ்தரிஃபா முதல் வருமான வரிப் படிவம் வரை

உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் செயலி வழியே சவாரி ஏற்று வாகனம் ஓட்டும் சகோதரர்கள் பலர், வருமான வரி என்பது சம்பளக்காரருக்கும் ஆலை முதலாளிகளுக்கும் உரியது என்றே எண்ணுகின்றனர். ஆனால் கைத்தொழிலால் பிழைப்போரிடம் அரசு வரி கேட்கும் வழக்கம் வருமான வரியை விடவும் பழையது.

1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பெனியின் கைக்கு வந்தது. நிலத்துக்குத் தீர்வை இருந்தது போல, நெசவாளர், கடைக்காரர், கைவினைஞர் ஆகியோர் மீது ‘மோதுர்பா’ என்றொரு வரி சென்னை மாகாணத்தில் வசூலிக்கப்பட்டது. ‘முஹ்தரிஃபா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. தொழில் செய்வோர் என்று பொருள். தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டவர்கள் என்று ஹதீஸ் சிறப்பிக்கும் அதே உழைப்பு, இங்கே தண்டல் ஏட்டின் தலைப்பாயிற்று! நெசவாளரிடம் தறியை எண்ணி வரி விதித்தனர். அவர் ஈட்டிய இலாபத்தைக் கேட்கவில்லை. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் சென்னை சுதேசிகள் சங்கம் 1852இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இவ்வரியும் முறையீடாயிற்று. வரி வசூலில் சித்திரவதை நடந்ததை 1855ஆம் ஆண்டு விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது.

1857 கிளர்ச்சியின் செலவை ஈடுகட்ட, 1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருவாய்க்கு விலக்கு உண்டு. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இதனை வெளிப்படையாக எதிர்த்துப் பதவியிழந்தார். மோதுர்பாவும் அக்காலத்தையொட்டி மறைந்தது. 1865இல் நின்ற வருமான வரி, 1886இல் நிலையான சட்டமாகத் திரும்பிற்று. 1922, 1961 சட்டங்கள் பின்தொடர்ந்தன.

எனவே தறியை எண்ணுவதிலிருந்து வருவாயை எண்ணுவதற்கு வந்தது ஒரு முன்னேற்றமே என்பது என் கருத்து. அதிலும் சிறுதொழிலருக்கு 1961 சட்டத்தின் 44ஏடி பிரிவு ஒரு சலுகை தந்தது. கணக்கேடுகள் பராமரிக்க வேண்டியதில்லை. மொத்த வரவில் 8 விழுக்காட்டை, வங்கி வழியே வந்த தொகையாயின் 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டலாம். 6 இலட்சம் முழுதும் வங்கி வழியே வந்திருந்தால் 36,000 ரூபாய். இது குறைந்தபட்ச அளவு, கூடுதலாகவும் காட்டலாம். வாகனக் கடன் கேட்கையில் வங்கி இந்தப் படிவத்தையே பார்க்கும் என்பதையும் நினைவிற்கொள்க. மொத்த வரவு என்பது பயணி செலுத்திய கட்டணம். நிறுவனம் தன் பங்கைக் கழித்துக் கொடுத்த மிச்சம் அன்று.

செயலி நிறுவனங்கள் வரி பிடித்தம் செய்வதை 2020 அக்டோபர் 1 முதல் 194ஓ பிரிவு விதித்தது. 1 விழுக்காடாயிருந்தது 2024 அக்டோபர் 1 முதல் 0.1 ஆயிற்று. பிடித்த தொகை ஓட்டுநரின் பணம். வரி கட்ட வேண்டாதவர் அதனைத் திரும்பப் பெற வேண்டுமாயின் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும்.

வரி கட்டிவிட்டோம், ஸகாத் கடமை நீங்கிற்று என்று சிலர் கருதுவது பிழை. அரசு 6 விழுக்காட்டை இலாபமென ஏற்கலாம். ஸகாத்துக்கு அத்தகைய அனுமானம் இல்லை. ஓராண்டு நிறைந்து நிஸாபை எட்டிய உண்மையான சேமிப்பை எண்ணி, நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.