மச்சமும் மனமும்

ஜேர்மன் மருத்துவர் 'டிப்ரெசியோன்' என்று சொன்னால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது, ஹனோவரில் மொழிபெயர்ப்புக்குத் துணை போகும் என்னைப் போன்றவர்களுக்குப் பழைய சிக்கல். மனச்சோர்வு, மன அழுத்தம் என்ற சொற்கள் அச்சில் இருக்கின்றன, வீடுகளில் புழங்குவதில்லை. 'ஆளுக்கு ஒரே யோசினை' என்பார்கள். அடுத்து 'சாப்பாடும் செல்லுதில்லை' என்பார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் வந்ததும் பேச்சு முழுவதும் சமையலறைக்குப் போய்விடும். சைவக்காரர் என்றால், 'முட்டையாவது சாப்பிடச் சொல்லுங்கோ.' மச்சம் சாப்பிடுகிறவர் என்றால், 'இங்க நல்ல மீன் எங்க கிடைக்குது, அதுதான்.'

இதை வெறும் கைவைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. எந்தப் புரதம் உள்ளே போகிறது என்பதற்கும் மனம் சோர்வதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவியல் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் சேலத்தில் பிறந்த ஒரு தமிழ் மருத்துவருடையது. இன்னொன்று ஹனோவரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் எழுதப்பட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நின்று பேசுகின்றன. நம் வீடுகளுக்கு இரண்டுமே வேண்டியவை.

கதை 1901இல் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸும் சிட்னி கோலும் பாற்புரதத்திலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் டிரிப்டோபான். சில ஆண்டுகள் கழித்து ஹொப்கின்ஸும் எடித் வில்கொக்கும் மக்காச்சோளப் புரதத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் புரதத்தில் டிரிப்டோபான் இல்லை. எலிகள் சோர்ந்து விழுந்து இறந்தன. டிரிப்டோபானைச் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நாள் உயிரோடிருந்தன. புரதம் எல்லாம் ஒன்றல்ல, அது எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம் என்பதற்கு முதற் சான்றுகளில் இது ஒன்று.

எலிகளுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்று மனிதருக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து ஏழைகளின் முழு உணவாக மாறிய இடங்களில் எல்லாம் ஒரு புது நோய் தோன்றியது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதைக் கண்டு எழுதினார். பின்னர் இத்தாலியர் வைத்த பெல்லக்ரா என்ற பெயர் நிலைத்தது. வெயில் படும் தோல் கருகி உரியும், வயிறு கழியும், மனம் கலங்கும். பலரிடம் தோலுக்கு முன்பே மனம் மாறிவிடும்: தூக்கம் போகும், எதிலும் பிடிப்பு இருக்காது, காரணமில்லாத துயரம் கவியும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநோய் விடுதிகளிலேயே பெல்லக்ராக்காரர் நிறைய இருந்தார்கள். அது தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள்.

1914இல் அந்த நோயை ஆராய அனுப்பப்பட்டவர் ஜோசப் கோல்ட்பெர்கர். விடுதிகளில் நோயாளிகளுக்குத்தான் பெல்லக்ரா வந்தது. அவர்களைக் கவனித்த தாதியருக்கு வரவில்லை. அதிலிருந்தே இது தொற்று அல்ல, தட்டில் இருக்கும் கோளாறு என்று அவர் முடிவுக்கு வந்தார். அனாதை இல்லங்களிலும் மனநோய் விடுதியிலும் பாலும் இறைச்சியும் முட்டையும் சேர்த்துக் கொடுத்ததும் நோய் மறைந்தது. 1937இல் கொன்ராட் எல்வேயம் நயாசின் என்ற வைட்டமின்தான் மருந்து என்று காட்டினார். 1945இல் விஸ்கொன்சினில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. நயாசின் கிடைக்காவிட்டாலும் உடல் அதை டிரிப்டோபானிலிருந்து தானே ஆக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நயாசின். நயாசின் குறைந்த பால் பெல்லக்ராவை ஏன் குணமாக்கியது என்பது அப்போதுதான் விளங்கியது.

இங்கேதான் நம்மவர் வருகிறார். கொலத்தூர் கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் தொடக்கி வைத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அது ஹைதராபாத்துக்கு இடம் மாறியபோது கூடவே போனார். அங்கே அவர் கண்டது புதிர். தக்காணத்தின் ஏழை உழவர்களிடம் பெல்லக்ரா இருந்தது. ஆனால் அவர்கள் உண்டது மக்காச்சோளம் அல்ல, ஜோவார். ஈழத்தில் நாங்கள் சோளன் என்றால் மக்காச்சோளத்தைத்தான் நினைப்போம். தமிழ்நாட்டில் சோளம் என்பதும் யாழ்ப்பாணத்தில் இறுங்கு என்பதும்தான் இந்த ஜோவார். அதன் புரதத்தில் டிரிப்டோபான் மக்காச்சோளத்தில் போல அவ்வளவு குறைவு இல்லை. பிறகு ஏன் நோய்?

1960இல் கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 'லான்செட்' இதழில் ஒரு விடை சொன்னார்கள். ஜோவாரில் லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மிகுதி. அது டிரிப்டோபானின் வழியில் குறுக்கே நிற்கிறது என்றார்கள். குறைவு மட்டுமல்ல, சமநிலை கெடுவதும் நோயாகும் என்பது இந்த விடையின் சாரம். பின் வந்த ஆய்வாளர் பலர் இதை ஏற்கவில்லை, விவாதம் நீண்டது. ஆனால் அந்த ஆய்வுக்கூடம் நோயாளிகளின் மனத்தையும் அளக்க முயன்றது என்பதுதான் எனக்கு முக்கியம். 1970இல் கமலா கிருஷ்ணசுவாமியும் உடன் ஆய்வாளரும், பெல்லக்ராக்காரரின் மனமாற்றங்களை அவர்களின் இரத்தத் தட்டணுக்களில் உள்ள செரட்டோனினோடு சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செரட்டோனினும் டிரிப்டோபானிலிருந்தே உண்டாகிறது. இன்று மனச்சோர்வுக்குத் தரப்படும் பெரும்பாலான மாத்திரைகள் கைவைப்பது இந்த வேதிப்பொருளின் மேல்தான். ஜோவார்க் கூழை மட்டும் குடித்து வாழ்ந்த ஓர் உழவரின் துயரத்துக்கு வேதியியல் முகவரி தேடிய முயற்சி அது.

அப்படியானால் புரதத்தைக் கூட்டினால் செரட்டோனின் கூடும், துயரம் குறையும் என்று தோன்றும். மூளை அவ்வளவு எளிய கணக்குக்கு அடங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் ஜோன் ஃபெர்ன்ஸ்ட்ரொமும் ரிச்சர்ட் வுர்ட்மனும் எலிகளில் கண்டது தலைகீழ். மூளைக்குள் நுழைய டிரிப்டோபான், லூசின் போன்ற மற்ற அமினோ அமிலங்களோடு ஒரே வாசலில் முண்டியடிக்க வேண்டும். இறைச்சியிலும் முட்டையிலும் மற்றவை மிகுதி, டிரிப்டோபான் கொஞ்சம். ஆகவே புரதம் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு மூளையில் டிரிப்டோபான் கூடுவதில்லை. மாச்சத்து உண்டால், சுரக்கும் இன்சுலின் மற்றவற்றைத் தசைக்குள் தள்ளிவிட, டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கிறது. கோழிக்கறியைவிட வெறும் சோறு இந்த ஒரு கணக்கில் முந்தி நிற்கிறது.

சாப்பாட்டை விட்டு டிரிப்டோபானையே மாத்திரையாக விழுங்கியவர்களும் இருந்தார்கள். 1989இல் அமெரிக்காவில் அந்த மாத்திரைகளோடு தொடர்புடைய ஒரு தசை, இரத்த நோய் பரவி 1,500க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தூக்கத்துக்கும் மனநிம்மதிக்கும் என்று வாங்கியவர்கள் பலர்.

இனி அரை மணி நேர ரயில். 2012இல் ஹில்டெஸ்ஹைம் பல்கலைக்கழகத்தின் யொஹானஸ் மிஹாலக்கும் இரண்டு உடன் ஆய்வாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1990களின் இறுதியில் ஜேர்மனி முழுவதும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரிடம் எடுக்கப்பட்ட உடல்நல, மனநலக் கணக்கெடுப்பே அவர்களின் மூலம். அதில் முழுச் சைவர் 54 பேர், பெரும்பாலும் சைவர் 190 பேர். இறைச்சி உண்பவரோடு ஒப்பிட்டபோது சைவரிடம் மனச்சோர்வும் பதற்ற நோய்களும் கூடுதலாகத் தெரிந்தன. இத்தோடு நிறுத்தியிருந்தால் 'முட்டையாவது சாப்பிடச் சொல்லுங்கோ' என்ற அக்காமாரின் வாக்கு பலித்திருக்கும். அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: எது முதலில் வந்தது? விடை தெளிவாக இருந்தது. சராசரியில் நோய் முதலில் வந்திருக்கிறது. சைவம் அதற்குப் பிறகு. இறைச்சியை விட்டதால் மனம் சோர்ந்தது என்று சொல்ல அந்தத் தரவுகள் இடம் தரவில்லை.

இதை விளங்கிக்கொள்ள ஜேர்மானியரைவிட நமக்கு எளிது. நம் செத்தவீட்டில் அந்தியேட்டி முடியும் 31ஆம் நாள் வரை மச்சம் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர் அந்த வீடுகளை மட்டும் எண்ணினால், சைவச் சாப்பாடு மனிதரை அழ வைக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். துயரம் தட்டை மாற்றுகிறது என்பதை நாம் சடங்காகவே வைத்திருக்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த 54 பேரில் பெரும்பாலோருக்குச் சைவம் தாமாக எடுத்த முடிவாக இருந்திருக்கும். நமக்கோ அது பிறந்த வீடு, வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி. சமயத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். அந்தக் கணக்கை அப்படியே தூக்கி நம் அம்மாமாரின் மேல் வைக்க முடியாது. ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: பி12 வைட்டமின் விலங்கு உணவிலிருந்தே இயல்பாகக் கிடைக்கிறது, அதன் குறைவு சோர்வாகவும் மறதியாகவும் மனத்தாழ்வாகவும் வெளிப்படலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பால், தயிர், முட்டை, தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் மாத்திரை. அதற்காகச் சைவத்தை விடவேண்டியதில்லை.

இனி நம் சொந்த வரலாறு. 1980களில் இங்கே வந்து சேர்ந்த தமிழ் இளைஞர்கள் புரதப் பஞ்சம் உள்ள நாட்டுக்கு வரவில்லை. கோழி, முட்டை, பால் எல்லாம் ஊரில் கண்டிராத மலிவு. தட்டில் பெல்லக்ரா இல்லை. ஆனாலும் முகாம் அறைகளில் 'ஒரே யோசினை' இருந்தது. அகதி விண்ணப்பம் செய்தவருக்கான வேலைத் தடை 1987இல் ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது, 1991இல்தான் நீங்கியது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், அகதிகளுக்குப் பணத்துக்குப் பதில் பொருளாகவே உதவ வேண்டும் என்பதை முதன்மையாக்கியது. ஹனோவரைத் தலைநகராகக் கொண்ட நீடர்சாக்சன் மாநிலம் 2013 வரை பற்றுச்சீட்டு முறையை விடாமல் பிடித்திருந்த மாநிலங்களில் ஒன்று. அந்தச் சட்டத்தின் உதவித்தொகை 1993 முதல் உயர்த்தப்படாமலே இருந்தது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 2012 ஜூலை 18இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பற்றுச்சீட்டால் கோழி வாங்கலாம். ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முடியாது. என்ன சாப்பிடுவது, யாரோடு சாப்பிடுவது, எப்போது சமைப்பது என்று முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாதபோது, புரதத்தின் கிராம் கணக்கு மனத்தைத் தேற்றாது.

மீன் பற்றிய ஏக்கத்துக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. 1998இல் ஜோசப் ஹிபெல்ன் ஒன்பது நாடுகளை ஒப்பிட்டு, மீன் கூடுதலாக உண்ணும் நாடுகளில் மனச்சோர்வு குறைவு என்று 'லான்செட்'டில் எழுதினார். நாடுகளை ஒப்பிடும்போது மீன் மட்டுமா வேறுபடுகிறது? ஜப்பானில் ஒருவர் தன் துயரத்தை மருத்துவரிடம் சொல்லும் விதமே வேறு. மீனின் கொழுப்பு அமிலத்தையும் சில வைட்டமின்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு, ஜேர்மனியும் சேர்ந்தது, 2019இல் முடிவைச் சொன்னது: மனச்சோர்வு வருவதை அவை தடுக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன் ஆஸ்திரேலியாவில் 67 பேரோடு நடந்த சிறு ஆய்வு வேறு விதம். அவர்கள் ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்கள். பருப்பு, மீன், காய்கறி, அளவான இறைச்சி என்று முழுச் சாப்பாட்டையும் மாற்ற ஓர் உணவு ஆலோசகர் பன்னிரண்டு வாரம் துணை நின்றார். அந்தக் குழுவில் மூன்றில் ஒருவர் அளவுக்குத் தேறினார்கள். வெறும் பேச்சுத்துணை பெற்ற குழுவில் நூற்றுக்கு எட்டுப்பேர். அந்த உணவு வழமையான சிகிச்சைக்கு மேலதிகமாகத் தரப்பட்டது, சிகிச்சையை நிறுத்திவிட்டு அல்ல.

ஹைதராபாத் உழவருக்குச் சாப்பாடுதான் மருந்து. அவருக்கு மாத்திரையும் ஆறுதலும் மட்டும் கொடுத்திருந்தால் அது அநீதி. ஹில்டெஸ்ஹைம் கணக்கில் வருகிறவருக்குத் தட்டு ஓர் அறிகுறி. அவருக்கு முட்டையை மட்டும் கொடுத்து அனுப்புவதும் அநீதியே. ஜேர்மனியில் நம் வீடுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. அவர்களுக்கு நாம் முதல் வகை வைத்தியத்தைச் செய்துகொண்டு மாதங்களைக் கடத்துகிறோம். ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு செல்லவில்லை, நித்திரையும் இல்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் அதை அதே வரிசையில் சொல்லுங்கள். 'டிப்ரெசியோன்' என்ற சொல் வாயில் வராவிட்டால் பரவாயில்லை. 'ஒரே யோசினை' என்றே சொல்லுங்கள். அதை ஜேர்மனில் சொல்லத்தான் நாங்கள் பக்கத்துக் கதிரையில் இருக்கிறோம்.