இன்ஹேலர் பிறந்த கதை

இழுப்பு வந்து தவிப்பவரின் நெஞ்சுக்குள் மருந்தை எப்படிச் சேர்ப்பது? நம் நாட்டின் பழைய பதில் ஊமத்தை. அதைப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்பதை மதராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்திருந்தார். அவரிடமிருந்து அறிந்த ஜெனரல் ஜென்ட் 1802 வாக்கில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக மேலை நாடுகளில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்றன. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். ஆனால் கூடவே போகும் புகை நுரையீரலைக் கெடுக்கும்; எவ்வளவு மருந்து போகிறது என்பதும் தெரியாது.

அடுத்து வந்தது கண்ணாடி நெபுலைசர். ரப்பர் குமிழைப் பிசைந்து மருந்தைத் தூவலாக்கி உள்ளிழுக்க வேண்டும். எளிதில் உடையும், பிசைகிற கைக்கேற்ப அளவும் மாறும்.

1955இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சூசி என்ற 13 வயதுச் சிறுமி இதில் சலித்துப்போனாள். ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா ஜார்ஜ் மெய்சன், ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர். அவர் அந்தக் கேள்வியை அப்படியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வேதியியலாளர் இர்விங் போருஷ் வேலையில் இறங்கினார். மருந்தை உந்தித் தள்ள ஃப்ரியான் வாயு கிடைத்தது. அளந்து விடும் வால்வு, ஃபிலிப் மெஷ்பர்க் வாசனைத் திரவியத்துக்காக வடிவமைத்தது. ஓர் அழுத்தலுக்கு 50 மைக்ரோலிட்டர்தான் வெளியே விடும். அந்த ஆண்டு ஜூனிலேயே நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1956 மார்ச்சில் மெடிஹேலர் என்ற பெயரில் அந்த இன்ஹேலர் கடைக்கு வந்தது.

மருந்துகள் தொடர்ந்து மேம்பட்டன. 1969இல் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால், 1972இல் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அட்ரோபினின் வழியில் பிறந்த இப்ராட்ரோபியமும் டயோட்ரோபியமும் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குத் துணையாயின.

மருந்து வளர்ந்த வேகத்தில் அதை இழுக்கும் முறை வளரவில்லை. 1975 முதல் 2014 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 சதவீதம் மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை. அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர நடக்கவில்லை. இழுத்த பின் மூச்சை அடக்கிவைக்கவில்லை. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. குணம் தெரியாததால் மருத்துவர் அளவைக் கூட்டுகிறார்.

முதலில் பார்க்கும் மருத்துவரின் மருந்துச்சீட்டு இங்கேதான் திருந்த வேண்டும். ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா என்பதை ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை வைத்து உறுதிசெய்ய வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை. இழுப்பு வரும்போது மட்டும் சால்பியூட்டமால் அடித்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து. சி.ஓ.பி.டி.க்கு நெடுநேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் தளர்த்திகளே அடிப்படை. அதில் ஸ்டீராய்டு எல்லோருக்கும் அல்ல. நோய் அடிக்கடி முற்றி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருப்பவர்களுக்கே பெரிதும் பலன் தரும். தேவையில்லாதவருக்கு எழுதினால் நிமோனியா அபாயம்தான் மிஞ்சும்.

கருவியையும் ஆள் பார்த்துத் தேர வேண்டும். ஸ்ப்ரேயை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடி இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் நோயாளி குழம்பிப்போவார். அழுத்துவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்ய முடியாத முதியவருக்கு, ஸ்ப்ரேயோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் பெரிய உதவி.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறையும் "எப்படி இழுக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்க வேண்டும். அளவைக் கூட்டுவதற்கு முன்னால் அதற்கென ஒரு நிமிடம் ஒதுக்கும் மருத்துவர், பல நோயாளிகளுக்குப் புது மருந்தே எழுத வேண்டியிருக்காது.