இரவுப் பள்ளிக்கும் வேண்டும் சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்துக் கோவில் கல்வெட்டுகளைப் படிப்போர் கண்ணில் அடிக்கடி படும் தொடர் ஒன்றுண்டு: "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது அதன் பொருள். சாகாத ஆடும் உலகில் உண்டோ என்று வியக்க வேண்டாம். கோவிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்று விரும்பிய செல்வர், 90 அல்லது 96 ஆடுகளை அதற்கென விட்டுச் செல்வார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். செத்த ஆட்டின் இடத்தைப் பிறந்த குட்டி நிரப்பும். ஆடு மாறும், எண்ணிக்கை மாறாது. கொடுத்தவர் மறைவார், கோன் மாறுவான், விளக்கு மட்டும் அணையாது. முதலைத் தொடாமல் விளைவைக் கொண்டு பணி நடத்தும் நிலைநிதி முறையை நம் முன்னோர் ஆயிரமாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த ஆடுகளே சான்று.

கோவில் விளக்குக்கு இவ்வளவு முன்னெண்ணத்தோடு நெய் வகுத்த நாடு இது. ஆனால், பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவிலே எழுத்துக் கற்க வரும் ஏழையின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார் என்று இந்த நாடு எப்போதேனும் முடிவு செய்ததுண்டா? வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால், இல்லை என்ற விடையே ஒவ்வொரு பக்கத்திலும் கிடைக்கிறது.

இரவுப் பள்ளியில் கட்டணம் இல்லையே, பிறகென்ன செலவு என்று கேட்பவர் உண்டு. அவர்கள் தென்காசிப் பக்கம் வந்து, ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் என்று ஊர் ஊராக நடந்து பார்க்கட்டும். திண்ணைதோறும் பெண்கள் மடியிலே தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகின்றனர். விரல் தேர்ந்த ஒரு பெண் ஆயிரம் பீடி சுற்ற எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஆகும். அதாவது மணிக்கு ஏறத்தாழ நூறு பீடி. கூலி நாளுக்கு அன்று, எண்ணிக்கைக்கு. எழுத்துக் கற்க அவள் முந்நூறு மணி நேரம் ஒதுக்குவாளானால், முப்பதாயிரம் பீடிக்கான கூலியை இழக்கிறாள். அதுதான் அவள் செலுத்தும் கட்டணம். எந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்படாத கட்டணம். செல்வர் வீட்டுப் பிள்ளை எவரும் செலுத்தியறியாத கட்டணம்!

கற்காவிட்டால் என்ன இழப்பு? பீடிக்கடையில் எத்தனை பீடி கழிக்கப்பட்டது, எத்தனை கணக்கில் ஏறியது என்பதை அவள் கையிலுள்ள கணக்குப் புத்தகம் சொல்லும். புத்தகம் அவளுடையது, அதிலுள்ள எழுத்து பிறருடையது. பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நான் காண்பது ஒன்று. மதிப்பெண் அட்டையில் ஒப்பமிட அழைத்தால், பாட்டிமாரும் தாய்மார் சிலரும் பேனாவை வாங்குவதில்லை. மைப்பெட்டி எங்கே என்று தேடுகின்றனர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களில் நூற்றுக்கு 73 பேரே. எஞ்சியவர் யாவரும் கற்க மறுத்தவர் அல்லர். கற்கும் விலையைக் கொடுக்க இயலாதவர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், தென்னார்க்காட்டு எண்ணாயிரத்தில் ஒரு கல்விச்சாலை நடந்தது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மாணவருக்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. சாலைக்கு 45 வேலி நிலம் விடப்பட்டது. கற்கும் காலத்தில் வயிறு காயக்கூடாது, கற்பிப்பவன் கையேந்தக்கூடாது என்ற நல்லறிவு அந்த ஏற்பாட்டில் இருந்தது. மறுக்கவில்லை. ஆனால், நெல் பெற்ற அந்த 340 பேர் யார்? வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் ஓதிய ஒரு வகுப்பார். அந்த 45 வேலியை உழுதவன் மகனுக்கு அங்கே இடமில்லை. உதவித்தொகை என்பது நமக்குப் புதியதன்று. அது உழைப்பவனுக்கும் உண்டு என்பதுதான் புதியது.

வெள்ளையர் ஆட்சியில் 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் "தேர்ச்சிக்கேற்ற மானியம்" நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் வருவார், தேர்வு வைப்பார், தேறியவர் தலையை எண்ணிப் பணம் தருவார். பகல் பள்ளிக்கே இடர் விளைத்த முறை இது. அறுவடைக் காலத்தில் வயலுக்கும், ஆடி மாதத்தில் விதைப்புக்கும் போய்விடுகிற கூலியாளைக் கொண்ட இரவுப் பள்ளிக்கு இது பொருந்துமா? ஆய்வாளர் வரும் நாளில் மாணவன் களத்துமேட்டில் இருப்பான்; மானியம் கருவூலத்திலேயே இருக்கும். 1882ஆம் ஆண்டில் அமைந்த அண்டர் குழு, இயன்ற இடங்களிலெல்லாம் இரவுப் பள்ளிகளை ஊக்குவிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. ஊக்கம் கிடைத்தது ஏட்டில். எண்ணெய் கிடைக்கவில்லை வீட்டில்.

1920ஆம் ஆண்டு சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் கல்விவரி விதிக்கலாம் என்று அது வழி திறந்தது. குழந்தையின் பகல் பள்ளிக்குச் சட்டத்தின் துணையோடு ஒரு வருவாய் பிறந்தது. தந்தையின் இரவுப் பள்ளியோ அன்றும் நன்கொடையாளர் வாசலிலேயே நின்றது. பின்னர் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் அரசுகள் செலவைச் சுருக்கியபோது, முதலில் வெட்டுண்ட கிளைகளுள் முதியோர் கல்வியும் ஒன்று. சட்டத்தில் வேரில்லாத மரம் காற்றுக்கு நிற்குமா?

வேருள்ள மரம் ஒன்றையும் காட்டுகிறேன். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் அதற்கு உழைத்தார். கல்வி அமைச்சராயிருந்த அவினாசிலிங்கம் அதனை நிறைவேற்றினார். அச்சட்டத்தின் உயிர்நிலை நூலக வரி. வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு சேர்த்து நூலகத்துக்கும் ஒரு பங்கு செலுத்துகிறோம். எந்த அமைச்சரவை வந்தாலும் போனாலும் அந்தப் பங்கு வந்துகொண்டேயிருக்கும். இதுவே இக்காலத்துச் சாவா மூவாப் பேராடு! தமிழகத்தின் சிற்றூர்களில்கூடக் கிளை நூலகம் இருக்கிறதென்றால், அது யாரோ ஒரு வள்ளலின் இரக்கத்தால் அன்று, சட்டத்தின் உறுதியால். ஆனால் நகைப்புக்குரிய நிலையைப் பாருங்கள்: நூலகத்துக்கு வரி உண்டு, நூலைப் படிக்கக் கற்பிக்க வரி இல்லை. கூரைவீட்டுக் கிழவியும் வரி செலுத்துகிறாள். அவள் வரியில் வாங்கிய நூல் அவளுக்கு ஊமையாகவே இருக்கிறது.

பகுதிநேரக் கல்வி என்றதும் நம்மவர் நெஞ்சில் 1953ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்ன திட்டம் அது. நாடே கொதித்தது, 1954இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. அந்தப் பாதிநேரத்துக்கும் நான் பேசும் பாதிநேரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பிள்ளையின் படிப்பு நேரத்தைப் பறித்துத் தொழிலுக்குத் தருவது கொடுமை. தொழிலாளியின் நேரத்தை மீட்டுப் படிப்புக்குத் தருவது நீதி.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட பத்துக் கோடிப் பேருக்கு ஐந்தாண்டில் எழுத்தறிவு என்றனர். கற்பிப்பவருக்கு மாதம் 50 ரூபாய். ஆட்சி மாறிற்று, ஆர்வம் ஆறிற்று. 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. அதன் வழியே தொண்ணூறுகளில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டி ஏறினர். நெல்லைச் சீமையிலும் இளைஞர் ஊர் ஊராய் விளக்கேந்தினர். அந்த நெல்லை அனுபவத்தை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் "இருளும் ஒளியும்" என்ற நூலாகவே எழுதியிருக்கிறார். செலவில் இரண்டு பங்கு நடுவணரசு, ஒரு பங்கு மாநில அரசு. கற்பித்தவர்க்கோ ஊதியமே இல்லை. அவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் கேட்கிறேன்: கருவூலம் செய்ய வேண்டியதைக் கருணை எத்தனை நாள் செய்யும்? தொண்டருக்குத் திருமணம் ஆகும், வேலை கிடைக்கும், வெளியூர் போவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள் பாதி வழியில் நிற்பாள். பயிற்சி விட்டுப்போனால் கற்ற எழுத்தும் விட்டுப்போகும்.

2009ஆம் ஆண்டு சாட்சர பாரதம் வந்தது. 2001 கணக்கின்படி வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு ஐம்பது பேரோ அதற்குக் குறைவாகவோ எழுத்தறிந்த மாவட்டங்களுக்கே அத்திட்டம். நெல்லை மாவட்டத்தின் சராசரி உயர்ந்திருந்தது. ஆகவே அது பட்டியலில் இல்லை. சராசரி தேறிவிட்டது என்பதற்காகத் தனியொருத்தி தேறிவிடுவாளா? 2018 மார்ச்சோடு அத்திட்டமும் முடிந்தது. 2022 முதல் 2027 வரைக்கெனப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஏறத்தாழ 207 ரூபாய்! இதிலும் கற்பிப்போர் தொண்டரே. முப்பதாயிரம் பீடிக் கூலியை இழப்பவளுக்கு நாடு வைக்கும் ஈடு இது.

பீடிக்கே ஒரு வரி இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1976ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி பீடி மீது நல வரி விதித்து, தொழிலாளர் நல நிதி திரட்டினர். மருத்துவம், வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை என்று நற்பணிகள் நடந்தன. பிள்ளைக்குத் தந்தது சரியே. ஆனால், சுற்றிய கைக்கு எழுத்துத் தர அந்த நிதியில் ஒரு நிலையான பங்கு ஒதுக்கியிருக்கலாகாதா? 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்த நல வரியே நீக்கப்பட்டது. உழைப்பவள் பெயரில் வந்த ஒரே பேராடும் செத்தது, குட்டியும் பிறக்கவில்லை.

நிலைநிதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குற்றாலமே சான்று. அருவிக்கரைக் கோவிலின் நிதியைக் கொண்டு 1964ஆம் ஆண்டு அங்கே பராசக்தி மகளிர் கல்லூரி எழுந்தது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கோவிலின் உபரி நிதியைச் சில வரையறைகளுக்கு உட்பட்டுக் கல்விக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. அருவியில் நீராட வந்தோர் உண்டியலில் இட்ட காசு, சுற்றுவட்டாரத்துப் பெண்களைப் பட்டதாரிகளாக்கியது. கோவில் பணம் கொட்டுமுழக்குக்கு மட்டுமே என்றிருந்த காலம் போய், கல்விக்கும் என்று ஆன காலம் வந்ததன் அடையாளம் அது. மகள் பகலில் படிக்க ஒரு வழி பிறந்தது. தாய் மாலையில் படிக்க வழி எங்கே?

உலகமும் இதைச் செய்து காட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் இராச்சுடேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் விற்று வந்த ஆதாயத்தில், நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கும் விதியைப் பிற்பாடு வகுத்துக்கொண்டனர். படிப்பகமும் வகுப்புகளும் அதிலிருந்து நடந்தன. ஆதாயம் ஆண்டுக்காண்டு மாறியிருக்கலாம், பங்கு மாறவில்லை. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த கடையநல்லூருக்கும் புளியங்குடிக்கும் இந்த வரலாறு அயலானதன்று.

ஒரு மறுப்புண்டு: "இன்றைய குழந்தைகள் எல்லாரும் பள்ளிக்குப் போகின்றனர். முதியோர் காலம் முடிந்தால் எழுத்தறியாமையும் தானே முடியும், செலவு எதற்கு?" இதன் நேர்ப்பொருள் என்ன? அந்தப் பெண் சாகும் வரை காத்திருப்போம் என்பதன்றோ! நாற்பது வயதுக்காரி இன்னும் முப்பது ஆண்டு வாக்களிப்பாள், வங்கிக்குப் போவாள், மருந்துச் சீட்டை ஏந்துவாள். அத்தனை ஆண்டும் அவள் பிறர் கண்ணை இரவல் வாங்கித்தான் வாழ வேண்டுமா?

செய்ய வேண்டியது பெரிதன்று. நூலகத்துக்கு 1948இல் செய்ததை முதியோர் கல்விக்கும் செய்க. உள்ளாட்சி வருவாயில் ஒரு சிறு பங்கைச் சட்டத்தால் பிரித்து வைத்திடுக. கிளை நூலகத்தின் கூடத்தில் மாலை வகுப்பு நடக்கட்டும். விளக்கும் நாற்காலியும் முன்பே இருக்கின்றன. கற்பிப்பவருக்கு ஊதியம் தருக. கற்பவளுக்கு, இழந்த கூலியில் ஒரு பகுதியேனும் உதவித்தொகையாகத் தருக. திட்டம் என்றால் முடியும் நாள் உண்டு; சட்டம் என்றால் தொடரும் நாள் உண்டு.

கல்லிலே கடவுளுக்காக ஆடுகளை எழுதி வைத்தவர் நம் முன்னோர். மனிதருக்காக ஒரு வரியைச் சட்டப் புத்தகத்திலே எழுதி வைக்க நாம் தயங்கலாமா? தென்காசித் திண்ணைகளில் தட்டேந்திய கைகள் எழுதுகோலுக்காகக் காத்திருக்கின்றன. எண்ணெய் ஊற்றும் பொறுப்பு இனி இரக்கமுள்ளவரைச் சார்ந்ததாக இருக்க வேண்டாம்; ஆளும் அரசைச் சார்ந்ததாக இருக்கட்டும்.