ஹம்மர்பெஸ்ற்றிலிருந்து ட்ரொம்சோவுக்கு ஒரு சின்னப் படகில்

2007 யூலையில் நானும் ஒரு நோர்வேஜியக் கிழவரும் ஹம்மர்பெஸ்ற்றிலிருந்து ட்ரொம்சோவுக்கு ஒரு மீன்பிடிப் படகில் போனோம். ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளுக்கு அவர் ஐந்து மாதம் திட்டம் போட்டார். அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். படம் ஒன்றும் போடவில்லை. எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மழைத்துளிதான் தெரிகிறது.

முதலில் கிழவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் நான் ஃபின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் வேலை செய்தேன். நோர்வேயின் ஆக வடக்கு மாகாணம் அது. அந்தக் காலத்தில் நோர்வேக்கு வந்த எங்கட பெடியள் பலருக்கும் முதல் வேலை அங்கேதான், மீன் வெட்டுவது. நாலைந்து வருசத்தில் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம். கிழவர் அந்த ஆலையில் என் மேற்பார்வையாளர். 1937இல் சோரோயா என்ற தீவில் பிறந்தவர். பேச்சு மிகக் குறைவு. நான் ஒஸ்லோ வந்த பிறகும் நத்தாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் தவறாமல் வரும். 2006 நத்தாருக்கு எடுத்தபோதுதான் கேட்டார்: "கோடையில் தெற்கே படகில் போகிறேன். கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வருகிறாயா?"

எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. தோட்டமும் அரசாங்க உத்தியோகமும்தான். கடற்கரைச் சனத்தை எங்கட ஆட்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இங்கே மூடி மறைக்க நான் விரும்பவில்லை. என் கடல் அனுபவம் ஒரே ஒரு இரவு. 1993இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்த இரவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

படகு ஒரு 'ஷார்க்'. சுறா என்று நினைக்கவேண்டாம், ஒருவர் இருவர் தொழில் செய்யும் சின்ன இயந்திரப் படகுக்கு நோர்வேஜியர் வைத்த பெயர் அது. முப்பது அடி, டீசல் இயந்திரம், வேகம் 6 நொட். இதில் ஒரு வசதி இருக்கிறது: 6 நொட்டில் ஒரு கடல் மைலுக்குச் சரியாகப் பத்து நிமிடம். கணக்கு மனதிலேயே ஓடும். ஹம்மர்பெஸ்ற்றுக்கும் ட்ரொம்சோவுக்கும் இடையில் நூறு கடல் மைலுக்கு மேல். ஆக இருபது மணித்தியாலத்துக்குக் கூடவே இயந்திரம் ஓடவேண்டும். மணிக்கு ஏழு லீற்றர் என்று கிழவர் கணக்குப் போட்டார். டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்பிவர, ஒரு பங்கு தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

நான் போய் இறங்கிய அன்று அவர் குசினி மேசையில் கடல்வரைபடங்கள் விரித்துக் கிடந்தன. பக்கத்தில் பிள்ளைகள் கணக்குச் செய்யும் கட்டக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பத்தி. எந்தக் குறியிலிருந்து எந்தக் குறிக்கு, திசைகாட்டியில் எத்தனை பாகை, எத்தனை நிமிடம், நாலாவது பத்தியில் 'நோட்ஹாவ்ன்'. ஆபத்தில் ஒதுங்கும் துறை என்று சொல்லலாம். காற்று மாறினால், இயந்திரம் நின்றால், அந்த இடத்திலிருந்து எங்கே ஓடவேண்டும் என்பது அதில் இருக்கும். படகில் செய்மதி வழிகாட்டியும் இருந்தது. "பிறகு ஏன் கொப்பி?" என்று கேட்டேன். அவர் சுவரில் தொங்கிய ஒரு கப்பலின் படத்தைக் காட்டி, "வித் இப்படித்தான் செய்தார்" என்றார்.

ரிச்சார்ட் வித் என்ற பெயர் வடக்கு நோர்வேயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1846இல் ட்ரொம்சோவில் பிறந்த கப்பற் தலைவர். ஸ்தொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் 1881இல் ஒரு நீராவிக் கப்பல் கம்பனி தொடங்கியவர். அந்தக் காலத்தில் ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்பெஸ்ற்றுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர கோடையில் மூன்று கிழமை; குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகும் என்று சொல்வார்கள். 1891இல் அரசாங்கத்தின் கப்பல் ஆலோசகர் அவுகுஸ்த் கிரான், இந்தக் கரையில் வருசம் முழுக்க இரவு பகலாக ஓடும் விரைவுக் கப்பல் சேவை வேண்டும் என்று யோசனை வைத்தார். பெர்கனிலும் ட்ரொண்ட்ஹைமிலும் இருந்த பெரிய கம்பனிகள் இரண்டும் கையை விரித்தன. ட்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே அப்போது இருந்தவை 28 வெளிச்சவீடுகள். குளிர்காலத்தில் அங்கே சூரியனே எழும்புவதில்லை. பாறை முளைத்த அந்தக் கடலில் இருட்டில் எவன் ஓடுவான் என்றார்கள்.

வித் ஓடுவேன் என்றார். அவர் கையில் இருந்தது வழிகாட்டி அண்டர்ஸ் ஹொல்த்தவோடு சேர்ந்து பல வருசமாக எழுதிவந்த குறிப்புகள். இந்த முனையிலிருந்து இந்தப் பாகையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிடம் போனால் இந்த இடம். கண் தேவையில்லை, திசைகாட்டியும் மணிக்கூடும் போதும். 1893 மே 18இல் அரசாங்கத்தோடு நாலு வருச ஒப்பந்தம். யூலை 2ஆம் திகதி காலை ட்ரொண்ட்ஹைமை விட்ட 'வெஸ்டரோலன்' கப்பல், 5ஆம் திகதி அதிகாலை மூன்றரைக்கு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தி, ஹம்மர்பெஸ்ற்றில் நின்றது. 67 மணித்தியாலம். ஹுர்த்திகுரூத்தன் என்று இன்று உல்லாசப் பயணிகள் காசு கொட்டிப் போகிற கப்பல் சேவையின் தொடக்கம் அதுதான். உல்லாசப் பயணிகளுக்கு மலையைக் காட்டுவார்கள், கொப்பியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கிழவரின் கொப்பி வித்துக்காக எழுதப்பட்டதல்ல. இதே பாதையை அவர் ஏற்கெனவே ஒரு முறை கடந்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஏழு.

1944 ஒக்ரோபரில் சோவியத் படை கிழக்கு ஃபின்மார்க்குக்குள் வந்தது. 25ஆம் திகதி கிர்க்கெனெஸ் விடுபட்டது. பின்வாங்கிய ஜேர்மன் படைக்கு 28ஆம் திகதி ஹிற்லரின் கட்டளை வந்தது: லுங்கன் ஃபியோர்ட்டுக்குக் கிழக்கே உள்ள சனம் முழுவதையும் கட்டாயமாக வெளியேற்று, எதிரி ஒதுங்க ஒரு கூரையும் மிஞ்சக்கூடாது. ஏறத்தாழ 50,000 பேர் பெயர்க்கப்பட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் குகைகளிலும் புற்கட்டிக் குடிசைகளிலும் கவிழ்த்த படகுகளின் கீழும் ஒளித்திருந்தார்கள். சோரோயாவில் குகைகளில் கிடந்தவர்களில் சுமார் 500 பேரை 1945 பெப்ரவரியில் பிரித்தானிய நாசகாரிக் கப்பல்கள் வந்து ஏற்றிப்போயின. வீடுகள் மட்டும் பதினோராயிரம் அளவில் எரிந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம், இறங்குதுறை, தந்திக் கம்பம், வெளிச்சவீடு, மிஞ்சிய படகுகள் எல்லாம் போயின. ஹம்மர்பெஸ்ற்றில் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான் தப்பியது. நான் முதன்முதல் அங்கே இறங்கியபோது, என்னடா எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறதே என்று பகிடி பண்ணியவன். காரணத்தை எனக்குச் சொல்லித்தந்தது இந்தக் கிழவர்தான்.

இந்தக் கட்டளையை நிறைவேற்றிய தளபதி ரெண்டுலிச்சை நூரெம்பேர்க்கில் விசாரித்தார்கள். வேறு குற்றங்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஃபின்மார்க்கை எரித்ததற்கு 1948இல் விடுதலை. ரஷ்யப் படை பின்னால் துரத்தி வருகிறது என்று அவர் அந்த நேரம் நேர்மையாக நம்பினாராம், ஆகவே இராணுவத் தேவையாம். சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இதை ஒரு விதியாகப் படிக்கிறார்கள். எனக்கு வாசிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கரையோரச் சனத்துக்குக் கடல்தான் வழி. பல குக்கிராமங்களுக்குத் தெருவே கிடையாது. இருந்த ஒரே நெடுஞ்சாலை பின்வாங்கும் படையால் நிறைந்திருந்தது. கிழவரின் தகப்பனிடம் ஒரு படகு இருந்தது. ஊதுவிளக்கால் இயந்திரத்தின் தலையைச் சூடாக்கித்தான் கிளப்பவேண்டும். அயல் குடும்பங்களோடு சேர்த்து 19 பேர், ஒரு ஆடு. வானொலிப் பெட்டிகளை ஜேர்மன்காரர் 1941இலேயே பறித்துவிட்டதால் வானிலை அறிக்கை இல்லை. எண்ணெய் பங்கீட்டில். கரையோரம் போகிற கப்பல்களை நேச நாட்டு விமானங்களும் நீர்மூழ்கிகளும் தேடித்திரிந்தன, சின்னப் படகில் இருப்பது யார் என்று மேலேயிருந்து தெரியாது. நவம்பர் தொடக்கம், பகல் வெளிச்சம் நாலைந்து மணித்தியாலம். "அப்பாவிடமும் ஒரு கொப்பி இருந்தது" என்றார் கிழவர். "அவர் தகப்பன் எழுதியது. பாகையும் நிமிடமும் அதில் இருந்தது. வெளிச்சவீடு எரியாவிட்டாலும் அது போதும். ஆனால் நாலாவது பத்தி பிழைத்துப் போனது. ஒதுங்கிய துறையில் வீடு நின்றது, அடுப்பு மூட்ட ஆள் இல்லை. அடுத்த கிழமை வீடும் இல்லை."

அந்தப் பயணத்தில் அவருடைய பாட்டி படகிலேயே குளிரில் செத்துப்போனார். லொப்ஹாவே என்ற இடத்தில். சோரோயாவுக்கும் தெற்கே உள்ள தீவுகளுக்கும் இடையில் வடமேற்கிலிருந்து வருகிற அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாத திறந்த வாய் அது. எங்கள் கணக்கில் ஹாஸ்விக் துறையிலிருந்து ஷெர்வோய் வரை ஆறு மணித்தியாலத்துக்கு மேல்.

இனிக் கிளாலி. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்ட பிறகு குடாநாட்டிலிருந்து வெளியே போக அந்தக் கடனீரேரிதான் வழி. இரவில் மட்டும். முன்னால் ஒரு இயந்திர வள்ளம், பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள். எப்போதும் சூடு விழலாம். ஓட்டி பதினெட்டு வயதுப் பெடியன். என்னுடன் வந்த என் மாமா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வள்ளம் ஏறிய உடனேயே "தம்பி, அந்தப் பக்கத்தாலை போனால் கிட்டவெல்லோ?" என்று தொடங்கினார். பெடியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, கதையாமல் இருங்கோ. உங்கட கதை மற்றவைக்குக் காற்றுச் சத்தம் கேட்க விடாது" என்றான். ஊரில் ஒருவரும் மாமாவை அப்படிச் சொன்னதில்லை. மாமா வாயை மூடினார். நானும்தான். அந்தப் பெடியனின் பாகையும் நிமிடமும் ஒரு கொப்பியிலும் இல்லை, யாரும் எழுதிவைக்கவும் இல்லை. அவனுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது அம்மா நடந்து போனா. ஒக்ரோபர் 28, ஒக்ரோபர் 30. இரண்டும் ஒன்றல்ல, காரணமும் வேறு, கட்டளை போட்டவர்களும் வேறு. ஆனாலும் கிழவரின் குசினியில் அந்தத் திகதியைக் கேட்டபோது தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

யூலையில் முதல் நாள் சோரோயாச் சந்தால் ஹாஸ்விக் போய்ச் சேர்ந்தோம், ஐந்தரை மணித்தியாலம், குளம் மாதிரிக் கடல். அடுத்த நாள் விடிய எழும்பினால் வடமேற்குக் காற்று. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. லீவு முடியப் போகிறதே என்ற அவதி வேறு. "போகலாம்தானே, படகு தாங்கும்" என்றேன். கிழவர் வற்றுப்பெருக்கு அட்டவணையைக் காட்டினார். வற்றுகிற நேரம் ஃபியோர்ட்டுகளுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே ஓடும், காற்று அதற்கு எதிரே அடிக்கும், அலை செங்குத்தாக எழும்பும். "படகு தாங்கும். ஆனால் இன்று போகவேண்டிய தேவை இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் துறையில் மேலும் கீழும் நடந்தேன். பின்னேரம்தான் எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். தகப்பனும் இதே துறையில் ஒரு நாள் நிற்கத்தான் கேட்டாராம். துவக்கோடு நின்றவன் விடவில்லையாம். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் காற்று விழுந்துவிட்டது. பெருக்கு நேரம் பார்த்து வெளிக்கிட்டோம். நடுக்கடலில் இயந்திரத்தைக் குறைத்து, தொப்பியைக் கழற்றி, கொப்பியில் நேரத்தை எழுதினார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ஷெர்வோய், அங்கிருந்து லுங்கன் வாயைக் கடந்து ஹான்ஸ்நெஸ், ஐந்தாம் நாள் ட்ரொம்சோ. லுங்கனுக்கு மேற்கே வந்ததும் கரையில் ஒரு பழைய மர வீட்டைக் கைகாட்டினார், தீ வராத பக்கம். அதற்குப் பிறகு கொப்பியைப் பார்க்கவே இல்லை.

1945 கோடையில் அரசாங்கம் ஃபின்மார்க் சனத்தைத் திரும்பவேண்டாம், வீடு கட்டித் தந்த பிறகு போகலாம் என்றது. சனம் கேட்கவில்லை. தகப்பன் அதே படகில் பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு முதலில் தனியாகத் திரும்பினாராம்.

ட்ரொம்சோவில் டீசல் அளந்து பார்த்தோம். தொடக்கூடாத பங்கு தொடப்படவில்லை. நான் அன்றிரவே விமானத்தில் ஒஸ்லோ வந்துவிட்டேன். கிழவர் தெற்குக் காற்றுக்காக மூன்று நாள் துறையில் காத்திருந்து, மருமகனை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.