தோட்டத்து உறுமி

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தென்பகுதியில், தாப்பாவைக் கடந்து தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையின்மேல் அமைந்த பீடோர் என்னும் சிற்றூரின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், ஈயத்தையும் ரப்பரையும் விஸ்தரித்துவிட்டு எழுந்துபோவதே வழக்கமாயிருக்கிறது. அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழ் ஜனங்கள் எந்த மேளத்தைக் கேட்டு மெய்சிலிர்த்தார்கள் என்பதும் சரித்திரத்தின் ஓர் அங்கமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

1877-ஆம் ஆண்டில் இதே மாநிலத்துக் கோலகங்சாரில் ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரி நட்டுவைத்த சில கன்றுகளிலிருந்து தொடங்கி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் காடு காடாகப் பரவிவிட்ட ரப்பருக்காக, கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றியபோது, அவர்களோடு மாரியம்மனும் முனியாண்டியும் வந்தார்கள்; அத்தெய்வங்களை எழுப்பும் தப்பும் பம்பையும் உறுமியும் உடன் வந்தன. லயன் வீடுகளுக்கு அருகே ஒரு மரத்தடியில் கல்லாக நின்ற அம்மன், தகரக் கூரைக்குள் புகுந்து, பிற்பாடு கோபுரமும் கண்டாள். ஆயினும் வருஷத்துக்கொருமுறை வரும் திருவிழாவில் கரகம் எடுக்கவும், தீ மிதிக்கவும், அருள் வரவும் அந்தத் தோல் வாத்தியங்களே துணை நின்றன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை வேலைக்குத் தட்டியெழுப்பியதும் இதே தப்புதான் என்பதை எண்ணும்போது, துரையின் கட்டளைக்கும் தெய்வத்தின் அழைப்புக்கும் ஒரே தோல் அதிர நேர்ந்த விசித்திரம் மனத்தை வருத்துகிறது.

இவற்றுள் உறுமியின் தன்மை தனியானது. இடை சிறுத்து இருமுகமும் தோல் போர்த்த அந்த வாத்தியத்தை வாசிப்பவன் தோளில் மாட்டிக்கொண்டு, வலது முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கிறான்; இடது முகத்தையோ அடிப்பதில்லை, வளைந்த குச்சியொன்றைத் தோலின்மேல் அழுத்தித் தேய்க்கிறான். தேய்க்கத் தேய்க்க, புதருக்குள் பதுங்கிய மிருகம் மூச்சு விடுவதுபோன்ற கனத்த நாதம் எழுந்து, காதுக்கு எட்டுமுன்பே நெஞ்செலும்பில் உணரப்படுகிறது.

இத்தகைய தோல் மேளங்களுக்கு அவமதிப்பும் குறைவில்லாமல் கிடைத்தது. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வருகை தந்த பெரியார் ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசினார். அவர் மூட்டிய சுயமரியாதை உணர்ச்சியால் சாதி இழிவையும் பலியிடுதலையும் விலக்க முற்பட்ட சீர்திருத்தக்காரர்களின் நோக்கம் புனிதமானது. பறை எனப்படும் தப்பை அடிப்பது ஒரு சாதியின் கடமை என்ற கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் அடிப்பவனை இழிவாக எண்ணிய குற்றம் சமூகத்தினுடையதேயன்றி, தோலினுடையதன்று. இன்று எந்தச் சாதிப் பிள்ளையும் விரும்பி உறுமியைத் தோளில் மாட்டிக்கொள்கிறான் என்பதை நான் பெரிய விடுதலையாகவே கருதுகிறேன்.

ரப்பர் வீழ்ந்து செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கும் போயின, லயன்கள் இடிந்தன, ஜனங்கள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குச் சிதறினார்கள். அச்சிதறலுக்கிடையே, சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஒரே நிறச் சட்டையணிந்து, சாமியின் பெயரைத் தாங்கி, இளைஞர்களின் உறுமி மேளக் குழுக்கள் பெருகின. ஒரே தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சந்திக்குமிடமாக ஒத்திகைக் கொட்டகையே அமைந்துவிடுவதுண்டு. தோட்டம் போனபின் ஊர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மிஞ்சியது அதுதான்.

ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குச் செல்லும் காவடிப் பிரவாகத்தில் இக்குழுக்களைக் கேட்க, கனத்த ராக் சங்கீதத்தில் ஊறிய நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றேன். எண்பதுகளில் சர்ச், விங்ஸ் முதலிய மலாய்க் குழுக்களையும், 1992-இல் சிங்கப்பூரில் தோன்றி வேதாந்தக் கருத்துகளை மெட்டல் இசையில் பாடிய ருத்ரா குழுவையும் கேட்டு வளர்ந்தவர் அவர். குழுவொன்று வட்டமாக நின்று, பாட்டேதுமின்றி நெடுநேரம் உறுமியை மட்டும் தேய்த்தபின் திடீரென்று எல்லா மேளமும் ஒருங்கே விழுந்தபோது, "நெஞ்சுக்குள்ளயே அடிக்குதுப்பா" என்று என் கையைப் பற்றினார். பிறகு அவரே ஒன்றைக் கண்டு சொன்னார்: ராக் மேடையில் ஜனத்திரள் வாத்தியக்காரனைப் பின்பற்றுகிறது, இங்கோ, தலைமை உறுமிக்காரன் குனிந்து காவடிக்காரனின் பாதங்களையே பார்க்கிறான், அவை தளர்ந்தால் அடியை இறுக்குகிறான், அவை துடித்தால் தாழ்த்துகிறான். அத்தனை ஓசையும் ஒற்றை மனிதன் கோயிலை அடையும் பொருட்டு.

சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் தடுக்கப்பட்டு, 2016-இல்தான் குறித்த சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. நம் மலேசியாவில் அத்தகைய முழுத்தடை இல்லை. சினிமாப் பாட்டை வாசிக்கலாகாது என்று ஆலய நிர்வாகங்கள் கண்டிப்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அக்கண்டிப்பு நியாயமானதே. ஆனால் பீடோர் வட்டாரத்துத் தோட்டங்களில் எந்தக் கோயிலுக்கு எந்த அடி உரியது, அதை யார் யாருக்குக் கற்பித்தார் என்பதை அறிந்த முதியோரிடம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யும் காரியத்தை அந்நிர்வாகங்களும் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிகளும் ஏற்றுக்கொண்டால், வாசிக்கத் தக்கது எது என்று இளைஞர்களுக்குச் சொல்ல அவர்களிடம் ஏதேனும் இருக்கும்.