உறழ்ச்சியும் வழுவும்: மூட்டு உள்நோக்கு அறுவையின் வரலாறு

ஒரே புணர்ச்சிக்கு இரு வடிவங்கள் வழங்கி இரண்டும் ஏற்புடையனவாக இருப்பின், அதனை உறழ்ச்சி என்பது தொல்காப்பிய மரபு. ஏற்கத் தகாதது வழு. மொழியில் நாம் செய்யும் இப்பாகுபாடு அறுவை மருத்துவத்திற்கும் வேண்டப்படுகிறது. சிறு துளை வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, மூட்டின் உட்புறத்தைக் கண்டவாறே செய்யும் அறுவையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1912இல் பெர்லினில் நடைபெற்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில், டென்மார்க்கைச் சேர்ந்த செவரின் நோர்டன்டோஃப்ட் முழங்காலினுள் நோக்கும் முறையை எடுத்துரைத்தார். மூட்டு, நோக்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரும் சூட்டினார். 1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் குழலைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்காலினுள் பார்த்தார். தரையில் மண்டியிட்டு அமரும் ஜப்பானியருக்குக் காசநோயால் முழங்கால் விறைத்துப்போவது பெருந்துயரம். அந்நோயைத் தொடக்கத்திலேயே காண அவர் விழைந்தார்.

மருத்துவர்தம் விருப்ப வேறுபாடு அப்போதே தொடங்கிவிட்டது. தகாகி மூட்டினை உப்புநீரால் விரித்தார். சுவிட்சர்லாந்தின் ஓய்கன் பிர்ஹர் வளியால் விரித்தார். பின்னாளில் நீரே பெருவழக்காயிற்று. 1962இல் தகாகியின் மாணவர் மசாகி வதனபே, கிழிந்த மூட்டுச்சவ்வின் ஒரு பகுதியை இம்முறையில் அகற்றினார். அவரிடம் பயின்ற கனடியர் ராபர்ட் ஜாக்சன் அக்கலையை வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

இன்றும் விருப்பங்கள் பலவாகவே உள்ளன. அறுந்த முழங்கால் தசைநாரை மீட்டமைக்க ஒருவர் முழங்காற்சில்லின் தசைநாரிலிருந்து ஒரு பகுதியை எடுப்பார். மற்றொருவர் பின்தொடைத் தசைநாரை எடுப்பார். இரண்டிற்கும் நிறைகுறைகள் உண்டு, இரண்டும் ஏற்கப்பட்டவை. இதனை நாம் உறழ்ச்சி எனலாம்.

ஆயினும் விருப்பம் அனைத்தும் உறழ்ச்சி ஆகாது. தேய்ந்த முழங்காலைக் கழுவித் துப்புரவு செய்யும் அறுவையைப் பலர் நெடுங்காலம் நம்பிச் செய்துவந்தனர். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 180 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு, 2002இல் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டுமே இடப்பட்டது. உள்ளே அறுவை எதுவும் இல்லை. ஈராண்டு நோக்கியும், உண்மை அறுவை பெற்றோர் அவர்களைவிட வலி குறைந்திருக்கவில்லை. 2013இல் பின்லாந்து ஆய்வு, 146 பேரிடம், வயதால் நைந்த மூட்டுச்சவ்வை வெட்டியகற்றுவது குறித்தும் ஒத்த முடிவையே தந்தது.

அறுவை செய்தோர் பொய்யுரைக்கவில்லை. நோயாளிகள் நலமடைந்ததை அவர்கள் கண்ணாரக் கண்டனர். ஆனால் அறுவையே செய்யப்படாதோரும் நலமுற்றனர் என்பது, ஒப்பிட்ட பின்னரே புலப்பட்டது. தம் செவிக்குப் பழகியது என்பதால் மட்டும் ஒரு வடிவத்தைச் சரியெனக் கொள்ளும் ஆசிரியரும் இவ்வாறே பிழைபடக்கூடும். ஆதலின் மருத்துவர் ஒரு முறையைப் பரிந்துரைக்கும்போது, "இது தங்கள் வழக்கமா, ஒப்பிட்டுத் தேர்ந்த முடிவா?" எனப் பணிவுடன் வினவுவது நம் உரிமை; நம் மாணவர்க்கு நாம் கற்பிக்கவேண்டிய வினாவும் அதுவே.